சத்தம் வேறு, நீளம் வேறு: மலையகத்துக் கராஜில் ஒரு ரேஸ் ஹெடர் உருவாகும் விதம்

ஒவ்வொரு ஆண்டும் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம் நடக்கிறது. மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம் ஆகியவற்றோடு மோட்டார் பந்தயமும் அதில் ஒன்று. நகரத்தின் அருகே மாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தின் வளைவுப் பாதையில் நடக்கும் மலையேற்றப் பந்தயம் 1934ஆம் ஆண்டு தொடங்கியது. தோட்டத்துரைமார் காலத்தில் ஆரம்பித்த அந்தப் போட்டி சுதந்திரத்தையும் யுத்தத்தையும் தாண்டி இன்றும் பேசப்படுகிறது. ஓட்டுநர்களின் பெயர் பத்திரிகையில் வரும். அந்தக் கார்களின் குழாயை வளைத்து ஒட்டியவர்களின் பெயர் எங்கேயும் வருவதில்லை.

அந்தக் குழாய்க்கு ஹெடர் என்று பெயர். எஞ்சினிலிருந்து எரிந்த வாயு வெளியேறும் முதல் பாதை அது. கம்பனி தரும் வார்ப்பிரும்பு மெனிபோல்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் சிலிண்டருக்கு ஒன்றாகத் தனித்தனிக் குழாய்களைப் பொருத்துவதுதான் ஹெடர். வெளிநாட்டில் செய்ததை வாங்கலாம். ஆனால் 2022இல் ரூபாவின் பெறுமதி சில வாரங்களிலேயே டொலருக்கு 200 என்ற அளவிலிருந்து 360 வரை சரிந்த பிறகு, வாங்குவதைவிடச் செய்வதுதான் பலருக்குக் கட்டுப்படியானது. ஹற்றனை அண்டிய ஒரு சிறு நகரத்தில், வீட்டோடு சேர்ந்த தகரக் கொட்டகையில் இந்த வேலையைச் செய்யும் ஒருவரிடம் பல நாட்கள் இருந்து பார்த்தேன். தோட்டத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்த அப்பாவிடம் ஒட்டுவேலை படித்தவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "சத்தம் கேட்டு வாறவங்கதான் அதிகம் தம்பி. நீளம் கேட்டு வாறவங்க ரெண்டு மூணு பேருதான்" என்றார். இந்த வேலையில் தெரிந்துகொள்ள வேண்டியது பெரும்பாலும் அந்த இரண்டு வாக்கியத்துக்குள் இருக்கிறது.

குழாய்க்குள் என்ன நடக்கிறது

எக்ஸோஸ்ட் வால்வு திறந்ததும் சிலிண்டருக்குள் அழுத்தத்தில் இருக்கும் வாயு குழாய்க்குள் பாய்கிறது. வாயு நகரும் வேகம் ஒன்று. அதற்கு முன்னால் ஓடும் அழுத்த அலையின் வேகம் இன்னொன்று. அலை, ஒலியின் வேகத்தில் போகிறது. சாதாரண காற்றில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகும். சூடான எக்ஸோஸ்ட் வாயுவில் அது 500 மீற்றரைத் தாண்டும்.

இந்த அலை குழாய் விரிவடையும் இடத்தை, அதாவது பல குழாய்கள் ஒன்றுசேரும் கலெக்டரை அடைந்ததும் அதில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. போகும்போது தள்ளும் அலையாகப் போனது, வரும்போது உறிஞ்சும் அலையாக வருகிறது. எக்ஸோஸ்ட் வால்வு மூடுவதற்கு முன்னும் இன்டேக் வால்வு திறக்கத் தொடங்கிய பின்னும் ஒரு சிறு பொழுது உண்டு. இரண்டும் திறந்திருக்கும் அந்தப் பொழுதில் உறிஞ்சும் அலை வந்து சேர்ந்தால், மிச்சமிருக்கும் எரிந்த வாயுவை வெளியே இழுத்து, புதிய காற்றையும் பெற்றோலையும் உள்ளே வர உதவும். நேரம் தப்பி வந்தால் உதவாது. தள்ளும் அலையாக வந்தால் எரிந்த வாயுவைத் திரும்பச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும்.

நிமிடத்துக்கு 6500 தடவை சுழலும் எஞ்சினில் ஒரு சுழற்சிக்கு 9 மில்லிசெக்கனுக்குச் சற்றே கூடிய நேரம்தான் இருக்கிறது. அதற்குள் அலை போய்த் திரும்ப வேண்டும். அலையின் வேகத்தை நாம் பெரிதாக மாற்ற முடியாது. மாற்றக்கூடியது குழாயின் நீளம்.

நீளத்தைக் கணக்கிடுவது

எஞ்சின் டியூனிங் பற்றி எழுதிய ஏ. கிரகாம் பெல் (தொலைபேசிக்காரர் வேறு) தந்த ஒரு சூத்திரம் உலகெங்கும் கராஜ்களில் புழங்குகிறது. பிஸ்டன் அடிமட்டத்தை அடைவதற்கு எத்தனை பாகை முன்னால் எக்ஸோஸ்ட் வால்வு திறக்கிறதோ, அதோடு 180ஐக் கூட்டுங்கள். அதை 850ஆல் பெருக்கி, நமக்கு வலு வேண்டிய சுழற்சி எண்ணால் பிரித்து, வருவதிலிருந்து 3ஐக் கழியுங்கள். கிடைப்பது அங்குலத்தில் குழாயின் நீளம்.

ஒரு உதாரணம். 1500 சிசி, நான்கு சிலிண்டர் எஞ்சின். வால்வு 60 பாகை முன்னால் திறக்கிறது. 60உம் 180உம் 240. இதை 6500 சுழற்சிக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 28.4 அங்குலம் வரும், அதாவது 72 சென்ரிமீற்றர். அதே எஞ்சினுக்கு 5500 என்று போட்டால் 34 அங்குலம். 7500 என்று போட்டால் 24 அங்குலம். வேகமாகச் சுழலும் எஞ்சினுக்குக் குட்டைக் குழாய், கீழ்ச் சுழற்சியில் இழுவை வேண்டுமென்றால் நீளக் குழாய் என்பது இதிலிருந்து விளங்கும்.

குழாயின் உள்விட்டத்துக்கும் கணக்கு உண்டு. ஒரு சிலிண்டரின் சிசியை, நீளத்தோடு 3ஐக் கூட்டி 25ஆல் பெருக்கியதால் பிரித்து, வர்க்கமூலம் எடுத்து, 2.1ஆல் பெருக்க வேண்டும். மேலே சொன்ன எஞ்சினில் ஒரு சிலிண்டர் 375 சிசி. 28.4 அங்குல நீளத்துக்கு உள்விட்டம் ஏறத்தாழ 1.45 அங்குலம், அதாவது 37 மில்லிமீற்றர். பெரிய குழாய் என்றால் பெரிய வலு என்று நினைத்து இரண்டு அங்குலக் குழாயைப் போட்டால் வாயுவின் வேகம் குறைந்து, கீழ்ச் சுழற்சியில் எஞ்சின் செத்துவிடும்.

இந்தக் கணக்கு முடிவல்ல, தொடக்கம். கேம், வால்வு, சைலன்சர் எல்லாம் சேர்ந்து விடையை மாற்றும். ஆனால் கணக்கே இல்லாமல் வளைத்த குழாயில் எதைத் திருத்துவது என்றே தெரியாது.

மலைக்கு எது பொருந்தும்

நீண்ட நேர்ப்பாதை உள்ள ஓடுகளத்தில் எஞ்சின் உச்சச் சுழற்சியிலேயே பெரும்பாலும் ஓடும். மலையேற்றம் அப்படியல்ல. கொண்டை வளைவில் வேகம் விழும், உடனே ஏற்றத்தில் இழுக்க வேண்டும். அங்கே 7500இல் கிடைக்கும் உச்ச வலுவைவிட 4500இலிருந்து 6500 வரை கிடைக்கும் சீரான இழுவைதான் நேரத்தைக் குறைக்கும்.

அதனால்தான் மலைக்கு 4-2-1 என்ற அமைப்பைப் பலர் விரும்புகிறார்கள். நான்கு குழாய்கள் நேரே ஒன்றாகச் சேர்வது 4-1. அது மேல்ச் சுழற்சிக்கு நல்லது. நான்கு முதலில் இரண்டாகி, பிறகு ஒன்றாவது 4-2-1. அது இடைச் சுழற்சியில் இழுவையைப் பரப்பித் தரும். எரியும் வரிசை 1-3-4-2 ஆக இருக்கும் எஞ்சினில் 1ஐயும் 4ஐயும் ஒரு சோடியாகவும், 2ஐயும் 3ஐயும் மற்றச் சோடியாகவும் சேர்க்க வேண்டும். பக்கத்தில் இருக்கிறது, வளைக்கச் சுலபம் என்று 1ஐயும் 2ஐயும் சேர்த்தால் ஒன்றின் அலை மற்றதின் வேலையைக் கெடுக்கும்.

இன்னொரு விஷயம் உயரம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத எஞ்சின் ஏறக்குறைய அதே விகிதத்தில் வலுவை இழக்கும். கொழும்பில் ஜெட் பார்த்த கார்பரேட்டர் இங்கே பெற்றோலை அதிகமாகவும் காற்றைக் குறைவாகவும் கொடுக்கும். மேலே வந்து எஞ்சின் திணறினால் பலர் ஹெடரைக் குறை சொல்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது ஜெட்.

குழாயும் இரும்பும்

வீட்டில் செய்பவருக்குச் சாதாரண மைல்ட் ஸ்டீல் குழாய்தான் பொருத்தமானது. ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீற்றர் தடிப்பு போதும். ஒட்டச் சுலபம், பிழைத்தால் வெட்டித் திரும்ப ஒட்டலாம். மலைநாட்டு மழையில் துருப்பிடிக்கும் என்பதுதான் அதன் குறை. துணிப்பட்டி போன்ற வெப்பச் சுற்று அதற்கு மருந்தாகாது. ஈரத்தைப் பிடித்து வைத்துக் குழாயை இன்னும் விரைவாக அரித்துவிடும். சூட்டைத் தாங்கும் பெயின்ற் அடிப்பது மேல்.

ஸ்டெயின்லெஸ் 304 துருப்பிடிக்காது. ஆனால் சூட்டில் அதிகம் நீளும். 70 சென்ரிமீற்றர் குழாய் 600 பாகை செல்சியஸ் சூடேறினால் மைல்ட் ஸ்டீல் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீளும், 304 ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் நீளும். நீள இடமில்லாமல் இறுக்கிக் கட்டினால் ஒட்டிய இடத்தில் வெடிக்கும். உள்ளே ஆர்கன் வாயுவை நிரப்பாமல் 304ஐ ஒட்டினால் குழாயின் உட்பக்கம் கருகிச் சீனி படிந்ததுபோல் சொரசொரப்பாகும். அந்த இடமும் பலவீனமாகும்.

தண்ணீர்க் குழாயாக விற்கும் கல்வனைஸ் குழாயைத் தொடவே கூடாது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

செய்முறை

முதலில் பிளாஞ்ச். எஞ்சினோடு முகம் பொருந்தும் தட்டு இது. கேஸ்கெட்டை அச்சாக வைத்து 8 முதல் 10 மில்லிமீற்றர் தடித்த இரும்புத் தகட்டில் வெட்ட வேண்டும். மெல்லிய தகடு சூட்டில் வளைந்துவிடும். குழாயின் விளிம்பு எஞ்சின் துவாரத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. குழாயின் வாய் துவாரத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கலாம், சிறிதாக இருக்கக் கூடாது.

அடுத்தது மாதிரி. எஞ்சினை வண்டியில் ஏற்றி, ஸ்டியரிங் தண்டு, ஸ்டார்ட்டர், பிரேக் குழாய் எல்லாம் இருக்கும் இடத்தில் வைத்த பிறகே குழாயின் வழியைத் தீர்மானிக்க வேண்டும். நான் பார்த்தவர் தடித்த கம்பியை வளைத்து ஒவ்வொரு குழாயின் நடுக்கோட்டையும் முதலில் வரைகிறார். நான்கு கம்பியையும் நிமிர்த்தி அளந்தால் நீளம் தெரிந்துவிடும். நான்கும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும் என்பது இலட்சியம். வீட்டுக் கொட்டகையில் ஒரு அங்குல வித்தியாசத்துக்குள் கொண்டுவந்தாலே நல்ல வேலை.

வளைவுக்கு இரண்டு வழிகள். ஆயத்தமாக வளைத்த துண்டுகளை வாங்கி வெட்டிச் சேர்ப்பது ஒன்று. வளைவின் நீளத்தை நடுக்கோட்டில் கணக்கிட வேண்டும். 57 மில்லிமீற்றர் ஆரமுள்ள 90 பாகை வளைவு என்றால் 57ஐ 1.57ஆல் பெருக்க, ஏறத்தாழ 90 மில்லிமீற்றர். மற்றது பழைய முறை: குழாய்க்குள் மணலை இறுக்கி நிரப்பி, இரு முனையையும் அடைத்து, சூடாக்கி வளைப்பது. மணல் குழாயை நசுங்காமல் காக்கும். மணல் முற்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் நீராவி அடைப்பைப் பிடுங்கிக் குண்டுபோல் வெடிக்கும். எஞ்சினுக்கு அடியில் நசுங்கிய வளைவு ஒன்று இருந்தாலும் கணக்கிட்ட விட்டத்துக்கு அர்த்தம் இல்லை.

துண்டுகளை வண்டியில் வைத்தே புள்ளி புள்ளியாக ஒட்டிக்கொண்டு, கழற்ற முடிகிறதா என்று பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் முழுவதையும் ஒட்டி, பிறகு எஞ்சினைத் தூக்காமல் ஹெடரை வெளியே எடுக்க முடியாமல் திண்டாடுகிறவர்கள் உண்டு. வண்டியில் வைத்து ஒட்டும்போது பற்றறியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட வேண்டும்; இல்லாவிட்டால் எஞ்சின் கொம்பியூட்டர் எரிந்துபோகலாம். பெற்றோல் குழாய்களை மூடிவைக்க வேண்டும்.

முழு ஒட்டு வேலைக்குப் பிளாஞ்சை ஒரு பழைய சிலிண்டர் ஹெட்டில் போல்ட் போட்டு இறுக்கிவிட்டுத் தொடங்க வேண்டும். ஒரே இடத்தில் தொடர்ந்து ஒட்டாமல் மாறி மாறிச் சிறு சிறு துண்டாக ஒட்ட வேண்டும். முற்றாக ஆறிய பிறகுதான் போல்டைக் கழற்ற வேண்டும். பிறகு தடித்த கண்ணாடியின் மேல் வைத்துப் பார்த்தால் பிளாஞ்ச் எங்கே வளைந்திருக்கிறது என்று தெரியும். அந்த இடத்தை அரத்தால் சமப்படுத்தலாம். மெல்லிய குழாய்க்குச் சாதாரண ஆர்க் வெல்டிங் சிரமம், ஓட்டை விழும். மிக், டிக் அல்லது காஸ் வெல்டிங் பொருத்தம்.

புகைக்குள் இருக்கும் நஞ்சு

கல்வனைஸ் குழாயை ஒட்டும்போது மேலே பூசிய நாகம் ஆவியாகி வெண்புகையாக வரும். அதைச் சுவாசித்தவருக்கு இரவில் நடுக்கமும் காய்ச்சலும் வரும். காய்ச்சல் என்று நினைத்துப் பனடோலைப் போட்டுப் படுத்து, விடிந்ததும் அதே வேலைக்குப் போகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். ஸ்டெயின்லெஸ் ஒட்டும் புகையில் உள்ள ஒருவகைக் குரோமியம் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. அது அன்றிரவு எதையும் காட்டாது.

எல்லாவற்றிலும் கொடியது வேறொன்று. சிலவகைப் பிரேக் கிளீனர்களில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கும். அதைக் கொண்டு துடைத்த இரும்பு காய்வதற்குள் ஒட்டினால் பொஸ்ஜீன் வாயு உண்டாகலாம். முதலாம் உலகப்போரில் மனிதரைக் கொல்லப் பயன்படுத்திய அதே வாயு. எண்ணெய் நீக்க அசிற்றோன் பாவித்து, முற்றாக உலரவிடுங்கள்.

குளிருக்குப் பயந்து கொட்டகையின் கதவை அடைத்துக்கொண்டு ஒட்டுவது மலையகத்தில் சாதாரணம். கதவு திறந்திருக்க வேண்டும், புகை முகத்துக்கு வராதபடி காற்றுப் பக்கமாக நிற்க வேண்டும். துணியைக் கட்டிக்கொள்வது பாதுகாப்பு ஆகாது. வெல்டிங் புகைக்கான வடிகட்டி முகமூடி வேண்டும்.

பொருத்திய பிறகு

ஒட்டில் ஊசித்துவாரம் இருந்தால் சத்தம் மட்டும் பிரச்சினை அல்ல. அலையின் உறிஞ்சலில் வெளிக்காற்று அதன் வழியே உள்ளே வரும். ஒட்சிசன் சென்சர் அதைக் கண்டு பெற்றோல் போதவில்லை என்று கொம்பியூட்டருக்குச் சொல்லும். அது வீணாகப் பெற்றோலைக் கூட்டும். சவர்க்கார நீரைப் பூசி, உள்ளே மெதுவாகக் காற்றைச் செலுத்தினால் கசிவு குமிழியாகத் தெரியும். சென்சரைக் குழாயின் மேல்பாதியில் சாய்வாகப் பொருத்த வேண்டும். அடியில் வைத்தால் நீர் தேங்கிக் கெடும். ஒருசில தடவை சூடேறி ஆறிய பிறகு போல்ட்களைத் திரும்பவும் இறுக்க வேண்டும்.

பந்தயம் களத்தில், வீதியில் அல்ல

ஹெடர் மட்டும் பெரிய சத்தத்தைத் தருவதில்லை. சைலன்சரைக் கழற்றுவதுதான் சத்தம். லயன் வரிசையில் ஒரு சுவருக்கு இரண்டு குடும்பம் வாழ்கிறது. இரவில் அந்த இறக்கத்தில் கேட்கும் வெடிச்சத்தம் வடக்கு கிழக்கில் வாழ்ந்தவர்களுக்கு வேறு எதையோ ஞாபகப்படுத்தும் என்பதையும் இளைஞர்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொது வீதியில் சத்தம் கூட்டிய வண்டிகளைப் பொலிஸார் பிடிக்கிறார்கள். புகைப் பரிசோதனையிலும் சிக்கல் வரும்.

களத்திலும் ஆபத்து ஓட்டுநருக்கு மட்டும் உரியதல்ல. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவ பொக்ஸ் ஹில் பந்தயத்தில் ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்களுக்குள் பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுமி உட்பட 7 பேர் உயிரிழந்தார்கள். இலவசமாகப் பார்க்கக் கிடைக்கும் வளைவின் ஓரத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் உள்ளூர் மக்கள்தான். வேகத்தைச் செய்துகொடுக்கும் கைக்கு அந்த வளைவில் நிற்பவர்களைப் பற்றிய நினைப்பும் வேண்டும்.

கைக்கு ஒரு கடதாசி

வடக்கில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கைவேலை புதிதல்ல. 1990களில் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில், சிறு போத்தலில் வைத்த பெற்றோலால் எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள்களும் பழைய ஒஸ்ரின் கார்களும் ஓடின. அதைச் சாத்தியமாக்கிய மெக்கானிக்குகள் எந்தப் பாடசாலையிலும் அதைப் படிக்கவில்லை. நான் பார்த்த ஒட்டுனரின் பெரியப்பா 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டு வன்னிக்குப் போனவர். காபரேட்டரை மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வித்தையை அவரிடம் கேட்டறிந்ததாக இவர் சொன்னார்.

தமிழ்நாட்டில் இத்தகைய வேலைக்கு ஒரு பெயர் கிடைத்தது. கோயம்புத்தூரின் கரிவரதன் 1980களின் இறுதியில் மாருதி எஞ்சினைக் கொண்டு மலிவான ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். பார்முலா மாருதி எனப்பட்ட அந்த வகையில் ஓடத் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005இல் இந்தியாவின் முதல் பார்முலா 1 ஓட்டுநரானார். 1995இல் மறைந்த கரிவரதனின் பெயரை அங்குள்ள பந்தயக் களம் தாங்குகிறது. அவர் ஆலை முதலாளிக் குடும்பத்துப் பிள்ளை. லயனில் பிறந்தவருக்குப் பந்தயக் களம் பெயர் தராது. ஆனால் ஒரு சான்றிதழ் கிடைக்க வழி இருக்கிறது.

இலங்கையில் என்.வி.கியூ. எனப்படும் தேசியத் தொழிற்தகைமையை, வகுப்புக்குப் போகாமல் அனுபவத்தைக் காட்டியும் பெறலாம். முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதற்குப் பெயர். ஏற்கெனவே செய்த வேலைகளின் ஆதாரங்களைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன்னிலையில் செய்தும் காட்ட வேண்டும். ஒட்டுவேலையும் அதில் அடங்கும். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவருக்கு, "நல்லா ஒட்டுவான்" என்ற ஊர்ப்பேச்சைவிட அந்தக் கடதாசி பல மடங்கு சம்பளம் பேசும்.

ஆதாரம் சேர்ப்பது இன்றே தொடங்கக்கூடிய வேலை. செய்த ஒவ்வொரு ஹெடருக்கும் ஒரு பக்கம்: எந்த எஞ்சின், வால்வு திறக்கும் பாகை, எந்தச் சுழற்சிக்குக் கணக்கிட்டது, நான்கு குழாயின் நீளம், உள்விட்டம், ஒட்டிய முறை, ஓட்டிய பிறகு என்ன மாற்றம். கூடவே ஒட்டின் நெருக்கமான புகைப்படம். அந்தக் கொட்டகையின் சுவரில் சோக்கட்டியால் எழுதி அழித்து எழுதிய எண்கள் நிறைய இருந்தன. எந்த எண் எந்தக் காருக்கு என்று கேட்டால் அவருக்கு மட்டும்தான் தெரியும். ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி அவற்றைப் பதியத் தொடங்கியிருக்கிறார். நான் பார்த்தபோது மூன்று பக்கங்கள் நிரம்பியிருந்தன.